அம்மாவோட மணிக்கட்டும் பின் பிரேக்கும்



இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. பைக் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில, என் கண் முன்னாடியே ஒரு தப்பான ஹிஸ்டரி எழுதப்பட்டுச்சு. டூ வீலர்ல வரும்போது ஆடு குறுக்கே வந்ததால கீழே விழுந்து வலது மணிக்கட்டில் அடின்னு. விழுந்தது எங்க அம்மா. வண்டி ஓட்டினது நான். ஆடு எதுவும் வரலை.

எழுதின டியூட்டி டாக்டர் எனக்கு காலேஜ்ல மூணு வருஷம் ஜூனியர். நான் பக்கத்துலயேதான் நின்னேன். வாயைத் திறக்கலை.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த வண்டியைப் பத்திச் சொல்லணும்.

அப்பா 2007ல வாங்கின நூறு சிசி வண்டி அது. கம்பெனி பேர் வேண்டாம், உங்க தெருவுலயே நாலு நிக்கும். முன்னாடி டிரம், பின்னாடி டிரம், கார்புரேட்டர், கிக்கர், பெட்ரோல் டேப்புல ரிசர்வ். அப்பா கணக்கு வாத்தியார். வண்டிக்குன்னு ஒரு லாங் சைஸ் நோட்டு வச்சிருந்தார். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், பார்த்த வேலை. "ஆயில் மாற்றியது. செயின் டைட். முன் டயர் காற்று"ன்னு நீல மையில ஒவ்வொரு வரியா இருக்கும்.

சின்ன வயசுல அதைப் பார்த்து நாங்க சிரிப்போம். டாக்டரானதுக்கு அப்புறம்தான் அது என்னன்னு புரிஞ்சுது. நாங்க வார்டுல வைக்கிற சார்ட் அது. லிட்டருக்கு 60 குடுத்துக்கிட்டு இருந்த வண்டி ரெண்டு மாசத்துல 50க்கு வந்துட்டா, அப்பா மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடியே நோட்டைத் திறந்து எப்ப இருந்து இறங்குதுன்னு பார்ப்பார். ஏர் ஃபில்டர்ல புழுதியா, டயர்ல காத்து கம்மியா, பிரேக் விடாம உரசுதா, செயின் ரொம்ப இறுக்கமா? நாலுல ஒண்ணா இருக்கும். ஒருத்தருக்கு மூணு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சா நாங்க எப்படித் தேடுவோமோ, அதே தேடல்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில அவருக்கு ஒரு சடங்கு உண்டு. இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல வச்சு, சென்டர் ஸ்டாண்ட் போடுவார். பின் சக்கரத்தைக் கையால சுத்திவிட்டுக் காதைக் குடுப்பார். அப்புறம் பிரேக்கை அமுத்துவார். சக்கரம் டக்குன்னு நிக்கணும், விட்டதும் ஃப்ரீயா சுத்தணும். செயினை நடுவுல விரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பார்ப்பார். ரெண்டு விரல் தடிமனுக்குள்ள ஆடணும். என் வண்டி மேனுவல்ல 20ல இருந்து 30 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. ஒரே இடத்துல பார்க்காம சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலு இடத்துல பார்ப்பார், ஏன்னா செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. பழைய டூத் பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சு, துடைச்சு, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டா விடுவார். மொத்தம் இருபது நிமிஷம்.

2019ல அப்பா போயிட்டார். வண்டி என் கைக்கு வந்துச்சு. நோட்டு பீரோவுக்குள்ள போச்சு.

நான் இருக்கிற டவுனுக்கும் எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் 14 கிலோமீட்டர். டெல்டா ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். அறுப்பு காலத்துல பாதி ரோட்டுல நெல் காயும், மீதி ரோட்டுல நாம போகணும். கார் வாங்கினதுக்கு அப்புறமும் எனக்கு பைக்தான் பிடிக்கும். காலையில அந்த அரை மணி நேரம்தான் யாரும் என்கிட்ட ரிப்போர்ட்டை நீட்டாத நேரம்.

ஓட்டினேனே தவிர பார்த்துக்கலை. அழுக்கா இருந்தா வாட்டர் வாஷ். நின்னுட்டா மெக்கானிக். அவ்வளவுதான். எங்ககிட்ட வர்ற சில பேஷன்ட்ஸ் சொல்வாங்களே, "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், மயக்கம் வந்தாதான் பிரஷர் பார்ப்பேன்"னு. அவங்களைக் கோவிச்சுக்கிட்டே நான் அதே மாதிரி ஒரு வண்டியில வீட்டுக்குப் போயிட்டு இருந்தேன்.

எங்க மெக்கானிக் அண்ணன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு புளியமரத்தடியில இருக்கு. அப்பா காலத்துல இருந்தே பழக்கம். அப்பாவை வாத்தியார்ன்னும் என்னை டாக்டர் தம்பின்னும் கூப்பிடுவார். அவரைப் பத்தி ஒரு ராத்திரிக் கதை சொல்றேன்.

ராத்திரி பதினொண்ணு இருக்கும். எங்க நர்ஸ் போன் பண்ணாங்க. பிரசவம் ஆன ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலை, மருந்து போட்டாச்சு, 108க்குச் சொல்லியாச்சு, நீங்களும் வாங்க சார்னாங்க. காரை தம்பி எடுத்துட்டு ஊருக்குப் போயிருந்தான். பைக்கை எடுத்தேன். எட்டு கிலோமீட்டர் நல்லாப் போச்சு. அப்புறம் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ஆஃப். கிக் அடிச்சா இல்லை. சோக் போட்டா இல்லை. ரிசர்வ்ல திருப்பினா இல்லை. டேங்க்கை ஆட்டிப் பார்த்தா பெட்ரோல் சளசளன்னு கேக்குது. சுத்தி தவளைச் சத்தம் மட்டும்தான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தூக்கத்துல எடுத்தவர் கேட்ட கேள்விகளை வரிசையா சொல்றேன், கேளுங்க.

"தம்பி, டக்குன்னு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

இழுத்து இழுத்து.

"இதுக்கு முன்னாடி இப்படி நின்னிருக்கா?"

போன வாரம் ஒரு தடவை. பத்து நிமிஷம் நிறுத்திட்டு எடுத்தா ஸ்டார்ட் ஆயிடுச்சு.

"கிட்டப் போகும்போதா, தூரமா?"

தூரமா போகும்போதுதான்.

"வாட்டர் வாஷ், பாலிஷ் ஏதாவது?"

பத்து நாள் முன்னாடி.

"டேங்க் மூடியைத் திறங்க."

திறந்தேன். உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம்.

"அதான். மூடியை லூசா வச்சுட்டுக் கிளம்புங்க. காலையில பார்த்துக்கலாம்."

டேங்க் மூடியில ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அது வழியா காத்து உள்ள போகணும். அது அழுக்கோ பாலிஷோ போய் அடைச்சுட்டா டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. கொஞ்ச நேரம் நிறுத்தினா மெதுவா காத்து கசிஞ்சு மறுபடியும் ஓடும், மறுபடியும் நிக்கும். டிரிப் பாட்டில்ல காத்துக்காக ஊசி குத்துவோம் பாருங்க, அதே விஷயம். தினமும் அதைப் பார்க்கிற எனக்குத் தோணலை. பிளக், கார்புரேட்டர், காயில்னு எதையும் கழட்டாம, நாலு கேள்வி கேட்டே அவர் கண்டுபிடிச்சுட்டார். அன்னைக்கு எனக்கு எங்க மெடிசின் புரொஃபசர் ஞாபகம்தான் வந்துச்சு. ஹிஸ்டரியை ஒழுங்கா கேட்டா பாதி நோய் அதுலயே இருக்கும்னு தலையில அடிச்சுக்காத குறையா சொல்லிக் குடுத்தவர்.

(அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எங்க நர்ஸ் ரத்தத்தை நிறுத்தி, 108ல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க.)

இன்னொண்ணு சின்னது. ஒரு பால்காரர் இடது கை வலின்னு மூணு தடவை வந்தார். கட்டை விரல்ல இருந்து முழங்கை வரைக்கும் இழுக்குதுன்னார். நானும் மாத்திரை, ஆயின்ட்மென்ட் எல்லாம் எழுதினேன். ஒரு நாள் அவசரத்துல அவர் வண்டியை நகர்த்த வேண்டி வந்துச்சு. கிளட்ச்சைப் பிடிச்சா, அப்பா! கல்லு மாதிரி இருக்கு. காலையில இருந்து முந்நூறு தடவை அதைப் பிடிச்சா எந்தக் கைதான் வலிக்காது? கேபிளை மாத்தச் சொன்னேன். நாலாவது தடவை அவர் வரலை. வண்டி ஓட்டறவங்களுக்குக் கை வலி, முதுகு வலின்னா இப்போ நான் வண்டியைப் பத்தியும் ரெண்டு கேள்வி கேட்கறேன்.

சரி, கேஷுவாலிட்டிக்கு வருவோம். வண்டி ஓடும்போது ஆகிற விபத்து எல்லாருக்கும் தெரியும். நின்ன இடத்துல வண்டி பண்ற சேதம் நிறைய பேருக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எனக்கு டியூட்டி இருந்தா மனசுக்குள்ள ஒரு பயம் வரும். எல்லார் வீட்டு வாசல்லயும் வண்டி கழுவுவாங்க. பசங்க சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, செயின் ஓட ஓட துணியை வச்சுத் துடைப்பாங்க. ஈஸியா இருக்குன்னு. துணியோட நூல் ஒண்ணு செயின்ல மாட்டினா போதும், துணியைப் பிடிச்ச விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போயிடும். கையை உதற நேரம் கிடைக்காது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன், வலது கை ஆள்காட்டி விரல் நுனியை கர்ச்சீப்ல சுத்தி, அதை ஐஸ்கட்டி நிறைஞ்ச டம்ளர்ல நேரா போட்டு எடுத்துட்டு வந்தான். அவங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "சார், பரீட்சை எழுதலாமா?"

செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஆஃப்ல இருக்கணும். சாவி பாக்கெட்டுல இருக்கணும். சக்கரத்தை நீங்களே கையால சுத்துங்க. அப்படியும் விரல் துண்டாயிட்டா, துண்டான பகுதியைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச சுத்தமான துணியில சுத்துங்க, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டுங்க, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள வைங்க. ஐஸ் நேரா சதையில படக்கூடாது. பட்டா அந்தத் திசு கெட்டுடும், ஒட்ட வைக்க முடியாது. கையில ரத்தம் வர்ற இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க.

பெட்ரோல் உறிஞ்சறது அடுத்தது. ஒரு வண்டியில இருந்து இன்னொரு வண்டிக்கு டியூப் போட்டு வாயால இழுப்பாங்க. ஒரு வாய் உள்ள போயிடும். போனதும் வீட்ல இருக்கறவங்க உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்பாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பெட்ரோல் வயித்துல இருக்கறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் ஆபத்து. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போக வாய்ப்பு ஜாஸ்தி. முதல்ல லேசா இருமல்தான் இருக்கும், அடுத்த நாள் காய்ச்சலும் மூச்சு வாங்கலுமா வருவாங்க. எக்ஸ்ரேயில நிமோனியா மாதிரி தெரியும். இருமல் கொஞ்சமா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பெட்ரோல் எடுக்க கையால அமுக்கற சின்ன பம்ப் கடையில கிடைக்குது. இல்லைன்னா கார்புரேட்டர் வண்டியில டேப் பைப்பைக் கழட்டிப் பாட்டில்ல பிடிச்சுக்கலாம், பக்கத்துல பீடி சிகரெட் இல்லாம.

சைலன்சர் சூடு பட்டா குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், காபித்தூள் வேண்டாம். இதை நூறு தடவை எழுதிட்டேன், அதனால அடுத்ததுக்குப் போறேன்.

குழந்தைகளோட குதிகால். இது எனக்கு மனசு தாங்காத விஷயம். பின் சீட்ல உட்கார்ற நாலஞ்சு வயசுக் குழந்தைக்கு ஃபுட்ரெஸ்ட் எட்டாது. கால் தொங்கும். தூங்கிடும். கால் ஸ்போக்ஸ்க்குள்ள போயிடும். வந்த அன்னைக்குப் பார்த்தா சின்னக் காயமாத்தான் தெரியும். எலும்பும் முறிஞ்சிருக்காது. தையல் போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அப்பா அம்மா அவசரப்படுவாங்க. ஆனா நசுங்கின தோல் மூணு நாலு நாள் கழிச்சுத்தான் கறுத்துச் சாகும். சில குழந்தைகளுக்கு வேற இடத்துல இருந்து தோல் எடுத்து வைக்க வேண்டி வரும். அதனால டாக்டர் திரும்ப வந்து காட்டச் சொன்னா கண்டிப்பா போங்க.

சாரி கார்டை அழகா இல்லைன்னு கழட்டி வைக்கிறவங்க இருக்காங்க. பின் சக்கரத்தோட பாதியாவது மறைக்கிற தடுப்பு, பின்னாடி உட்கார்றவங்களுக்குப் பிடி, ஃபுட்ரெஸ்ட், இந்த மூணும் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123ஆவது விதியா இருக்கு. துப்பட்டா, முந்தானை சக்கரத்துல மாட்டி வந்த கேஸ்களைப் பத்தி இங்க விவரமா எழுத எனக்கு விருப்பம் இல்லை. உட்கார்ந்ததும் முந்தானையைச் சுத்திச் சொருகிக்கச் சொல்லுங்க.

ஹெல்மெட் பத்தி ஒரு பத்தி மட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க மட்டும் 50,029 பேர். அதுல 14,000க்கும் மேல பின்னாடி உட்கார்ந்து வந்தவங்க. பல நாட்டு ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததுல ஹெல்மெட் சாவை சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்குதுன்னு தெரிஞ்சது. பட்டையை மாட்டணும். மாட்டாத ஹெல்மெட் நீங்க விழறதுக்கு முன்னாடியே விழுந்துடும்.

இதையெல்லாம் தெரிஞ்ச நான் அந்த ஐப்பசி மாசம் என்ன பண்ணேன்?

அம்மாவுக்கு வயசு 66. பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வரணும்னாங்க. பதினோரு கிலோமீட்டர். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அம்மா போடலை. நான் கேட்கவும் இல்லை. புடவையில ஒரு பக்கமா உட்கார்ந்து, ஒரு கையால என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில பெரியம்மாவுக்கு வாங்கின பழப்பையை வச்சிருந்தாங்க.

பின் பிரேக் நாலஞ்சு மாசமாவே சரியில்லை. இதை மறைக்க மாட்டேன். பெடல் ஆழமா போக ஆரம்பிச்சதும், பிரேக் ராடு நுனியில இருக்கிற நட்டை நானே ரெண்டு சுத்து திருகிக்கிட்டேன். சரியாப் போச்சு. மறுபடியும் ஆழமா போச்சு. மறுபடியும் ரெண்டு சுத்து. இது என்ன தெரியுமா? வயித்து வலிக்கு வலி மாத்திரை போட்டுக்கிட்டே அப்பென்டிக்ஸை விட்டுவைக்கிற மாதிரி. நட்டைத் திருகினா பெடல்தான் மேல வரும். உள்ள தேஞ்சுபோன ஷூ வளராது. டிரம் மேல ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா அமுத்தும்போது அந்த அம்பு, தட்டுல இருக்கிற கோட்டைத் தொட்டுடுச்சுன்னா ஷூ முடிஞ்சதுன்னு அர்த்தம். மெக்கானிக் அண்ணன் ரெண்டு தடவை சொன்னார். "தம்பி, அம்பு தாண்டிடுச்சு, ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போங்க." அடுத்த வாரம்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஷூ விலை முந்நூறு ரூபாய்க்குள்ளதான். என்கிட்ட இல்லாதது அந்த ஒரு மணி நேரம்னு நினைச்சுக்கிட்டேன்.

குறுவை அறுப்பு நேரம். அறுப்பு மெஷின் வயல்ல இருந்து ஏறும்போது சேத்தை அப்படியே ரோட்டுல போட்டுட்டுப் போயிருக்கு. மத்தியானம் தூறல் விழுந்து அது வழவழன்னு ஆயிடுச்சு. மதகு தாண்டி ஒரு வளைவு. முப்பத்தஞ்சு நாப்பதுலதான் போனேன். வளைவுல முன்னாடி போன லோடு ஆட்டோ சட்டுன்னு நின்னுச்சு.

பின் பிரேக்கை மிதிச்சேன். பெடல் ஃபுட்ரெஸ்ட் வரைக்கும் இறங்குச்சு. கீச்சுன்னு ஒரு சத்தம். வண்டி நிக்கலை. பயத்துல முன் பிரேக்கை முழுசா பிடிச்சுட்டேன். சேத்து மேல முன் சக்கரம் லாக் ஆச்சு. நல்ல டயரா இருந்தா கொஞ்சமாவது பிடிச்சிருக்குமோ என்னவோ. அதுவும் மொட்டைதான். டயரோட பக்கவாட்டுல டி.டபிள்யூ.ஐன்னு இருக்கிற இடத்துக்கு நேரா, பள்ளத்துக்குள்ள ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேஞ்சா டயரை மாத்திடணும். என் டயர்ல பட்டன் எது மேடு எதுன்னே தெரியலை. அதே பக்கவாட்டுல நாலு எண் அச்சடிச்சிருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். என்னுது 3114. அதாவது 2014ஆம் வருஷம் முப்பத்தொண்ணாவது வாரம் செஞ்சது. அப்பா போட்ட டயர்.

எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு மட்டும். அம்மா வலது கையை ஊனி விழுந்துட்டாங்க. தூக்கும்போதே தெரிஞ்சுது. மணிக்கட்டு முள்கரண்டியைக் கவுத்து வச்ச மாதிரி வளைஞ்சிருந்துச்சு. நாங்க பாடத்துல படிக்கிற அதே உருவம். தலை ரோட்டு ஓரப் புல்லுல பட்டிருக்கு. அரை அடி தள்ளி மதகுக் கட்டை.

அந்த அரை அடியைப் பத்தி நான் இன்னும் யோசிக்கறேன்.

லோடு ஆட்டோக்காரரே ஏத்திட்டுப் போனார். பழம் எல்லாம் ரோட்டுல. கேஷுவாலிட்டியில ஜூனியர் பொண்ணு ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு, எப்படி விழுந்தீங்க?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா சொல்லிட்டாங்க. "ஆடு ஒண்ணு குறுக்க வந்துடுச்சும்மா. பாவம், தம்பி என்ன பண்ணும்."

எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டாங்க. ஆறு வாரம். அம்பது வயசுக்கு மேல ஒரு பெண் நின்ன உயரத்துல இருந்தோ, லேசாவோ விழுந்து மணிக்கட்டு முறிஞ்சா எலும்பு தேய்மானத்தையும் பார்க்கணும். அம்மாவுக்கும் பார்த்தோம், இருந்துச்சு. அதுக்குத் தனியா ட்ரீட்மென்ட் போயிட்டு இருக்கு. உங்க வீட்லயும் அப்படி யாராவது விழுந்திருந்தா கட்டு பிரிச்சதோட விட்டுடாதீங்க.

அன்னைக்கு ராத்திரி சாதம் ஊட்டும்போது கேட்டேன். ஏம்மா ஆடுன்னு சொன்ன?

"பின்ன என்ன சொல்றது? வாத்தியார் மகன், டாக்டரு, பிரேக் இல்லாத வண்டியில அம்மாவை ஏத்திட்டு வந்தான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவா?"

பிரேக் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்னேன்.

"ரெண்டு மாசமா வாசல்ல நீ வண்டி நிறுத்தும்போது கீச்சுங்குது. அப்பா இருந்தா அந்தச் சத்தத்தை ஒரு ஞாயித்துக்கிழமை தாண்ட விட்டிருப்பாரா?"

அப்புறம் தண்ணி கேட்டாங்க.

எத்தனை ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல நானே "வண்டி சறுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்"னு எழுதியிருப்பேன். நாய் குறுக்க வந்துச்சு, மணல் இருந்துச்சு, பள்ளம் இருந்துச்சு. எல்லாமே உண்மையா இருக்கலாம். நம்ம ரோடு அப்படித்தான். ஆனா நாய் வந்தப்போ பிரேக் பிடிச்சுதா, டயர்ல பட்டன் இருந்துச்சான்னு நான் யாரையும் கேட்டதில்லை. அந்தப் படிவத்துல அதுக்கு இடமும் இல்லை. இப்போ காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கிட்டே கேட்கறேன். நிறைய பேர் கொஞ்ச நேரம் பேசாம இருப்பாங்க. அப்புறம், "பார்க்கணும் சார்"னு சொல்வாங்க.

ஜூனியர்கிட்ட ஒரு வாரம் கழிச்சு உண்மையைச் சொன்னேன். "அண்ணா, அதனால ட்ரீட்மென்ட் மாறவா போகுது, விடுங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

வண்டியை மெக்கானிக் அண்ணன் கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். டிரம்மைத் திறந்தார். ஷூல லைனிங் ஒட்டின தடம் மட்டும்தான் இருந்துச்சு. இரும்பு இரும்பை உரசி டிரம் உள்பக்கம் கோடு கோடா வெட்டியிருந்துச்சு. அவர் என்னைத் திட்டலை. பழைய ஷூவைத் துடைச்சு என் கையில குடுத்துட்டு, "அம்மா கை எப்படி இருக்கு தம்பி?"ன்னு கேட்டார். திட்டியிருக்கலாம்.

ரெண்டு டயர், டியூப், பிரேக் ஷூ முன்னும் பின்னும், டிரம் வேலை, செயின் ஸ்ப்ராக்கெட் செட், ஆயில். ஆயில் பத்தி அவர் சொன்னதை இங்க சேர்த்துடறேன். இந்த வண்டிகள்ல இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் ஒரே ஆயில்தான், அதுவும் ஒரு லிட்டர் அளவுக்குத்தான். வீட்ல கார் ஆயில் மீதி இருக்குன்னு ஊத்தினா கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். பைக் ஆயிலே போடுங்க. தண்ணி தேங்கின ரோட்டைத் தாண்டி வந்தா டிரம் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது. மெதுவா போய்க்கிட்டே லேசா அமுத்தி அமுத்திக் காய வைக்கணும். காத்து வாரம் ஒரு தடவை, டயர் சூடாகறதுக்கு முன்னாடி. எவ்வளவுன்னு வண்டியில ஸ்டிக்கரோ மேனுவலோ சொல்லும். பின்னாடி ஆள் உட்கார்ந்தா பின் டயர் அளவு வேற. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த இன்ஜெக்ஷன் வண்டி வச்சிருக்கவங்களுக்கு சோக், கார்புரேட்டர் தொல்லை இல்லை. ஆனா பிரேக் ஷூவும் டயரும் செயினும் அவங்களுக்கும் அதே மாதிரிதான் தேயும்.

பீரோவுல இருந்து நோட்டை எடுத்தேன். அப்பா கடைசியா எழுதினது 2019 ஜூன். அதுக்குக் கீழே ஒரு வரி விட்டு என் கையெழுத்துல எழுதினேன். அஞ்சு வருஷத்துக்கு எழுத ஒண்ணும் இல்லை.

அம்மா கை முக்கால்வாசி சரியாயிடுச்சு. தேங்காய் துருவ மட்டும் இன்னும் முடியலை, நான்தான் துருவறேன். மோசமா துருவறேன்னு தினமும் திட்டு விழுது. போன தீபாவளிக்கு அதிரசம் பக்கத்து வீட்டுல இருந்து வந்துச்சு.

இதைப் படிச்சு முடிச்சதும் வாசலுக்குப் போய் உங்க பின் டயர்ல இருக்கிற அந்த நாலு எண்ணைப் பார்த்துட்டு வந்து கமென்ட்ல போடுங்க. என்னோட 3114ஐ யாராவது முந்தறீங்களான்னு பார்ப்போம்.

நேத்து சாயங்காலம் அம்மா கோயிலுக்குக் கிளம்பினாங்க. ஹெல்மெட் மாட்டி, பட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க. வண்டியை எடுத்தேன். ஏறலை.

"பின் பிரேக்கை அமுத்திக் காட்டு."

அமுத்திக் காட்டினேன்.

"இப்படி இல்ல. அப்பா பண்ற மாதிரி."

சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். சக்கரத்தைக் கையால சுத்திவிட்டு பிரேக்கை அமுத்தினேன். டக்குன்னு நின்னுச்சு. விட்டேன், சுத்துச்சு. அம்மா காதைக் குடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டாங்க. அப்புறம் முந்தானையைச் சொருகிக்கிட்டு ஏறி உட்கார்ந்தாங்க.